லூபஸ்: மூன்று வழியும் ஒரு பிஸ்கட் டின்னும்

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 10 மில்லிகிராமில் வந்து உட்கார்ந்துகொண்டது. 7.5க்கு இறக்கினால் இரண்டாவது வாரமே விரல் மூட்டுகள் வீங்கிவிடும், காலையில் பல் தேய்க்கும் பிரஷ்ஷைப் பிடிக்க முடியாது. அந்த மாதச் சிறுநீர்ச் சோதனையில் புரதமும் ஏறியிருக்கும். மறுபடி 10. இப்படி இரண்டு முறை இறங்கி ஏறிய பிறகு டாக்டர் ஃபைலை மூடி வைத்துவிட்டு, "மூன்று வழி இருக்கு. வீட்டில் பேசிட்டு அடுத்த தடவை சொல்லுங்க" என்றார்.

எனக்கு வயது 31. கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன், பங்சார் சவுத்தில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. லூபஸ், அதாவது எதிர்ப்புச் சக்தி நம் உடம்பையே தாக்கும் நோய், என்று தெரிந்து மூன்று ஆண்டு ஆகிறது. அது சிறுநீரகத்தைத் தொட்டது, டாக்டர் இப்படிச் சொன்ன நாளுக்கு ஏழு மாதம் முன்பு. பயாப்சி செய்தார்கள், நான்காம் வகுப்பு என்று வந்தது. "நாலாம் வகுப்புன்னா பாஸா ஃபெயிலா?" என்று கணவர் கேட்டார். சிரிக்க வைக்கத்தான் கேட்டார், ஆனால் பதில் ஃபெயில்தான். லூபஸ் சிறுநீரக பாதிப்பை ஆறு வகுப்பாகப் பிரிக்கிறார்கள். மூன்று, நான்கு, ஐந்தில் விழுந்தால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் வலுவான மருந்து வேண்டும்.

எனக்குக் கொடுத்தது மைகோஃபீனலேட், ஒரு நாளைக்கு 2 கிராம். அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை காலையில் இரண்டு, இரவில் இரண்டு. கூடவே அந்த பிரெட்னிசோலோன், லூபஸுக்கான பழைய மாத்திரை ஹைட்ராக்சிகுளோரோகுயின். தொடங்கும்போது சிறுநீரில் ஒரு நாளைக்கு 3.2 கிராம் புரதம் போய்க்கொண்டிருந்தது. ஆறு மாதத்தில் 1.9 ஆனது. குறைந்திருக்கிறதே என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு வேறு: மூன்று மாதத்தில் கால்வாசியாவது குறைய வேண்டும், ஆறு மாதத்தில் பாதி, ஓராண்டில் ஏறக்குறைய அரை கிராமுக்குப் பக்கத்தில் வந்துவிட வேண்டும். என்னுடையது ஆறு மாதத்தில் பாதியைத் தொடவில்லை.

சரி, அந்த மூன்று வழி. ஒன்று, இதே அரசு மருத்துவமனையில் இதே மருந்துகளைக் கூட்டிக் குறைத்து, தேவைப்பட்டால் டாக்ரோலிமஸ் மாதிரி இன்னொரு பழைய மருந்தைச் சேர்த்துத் தொடர்வது. இரண்டு, தனியார் மருத்துவமனையில் சொந்தக் காசில் பெலிமுமாப் என்ற புது மருந்தை ஏற்றிக்கொள்வது. மூன்று, ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையில் நடக்கும் புது மருந்துச் சோதனையில் சேர்வது.

மூன்றையும் எதை வைத்து அளப்பது என்பதில்தான் முதல் வாரம் போனது. அம்மா காசை வைத்து அளந்தார். அத்தை, அதாவது மாமியார், குழந்தையை வைத்து அளந்தார். கணவர் எது புதுசோ அதுதான் நல்லது என்றார், கைபேசி வாங்குகிற மாதிரி. நான் ஒரே ஒரு எண்ணை எடுத்துக்கொண்டேன்: பிரெட்னிசோலோன் எத்தனை மில்லிகிராம். அந்தச் சின்ன வெள்ளை மாத்திரைதான் என்னைக் காப்பாற்றியது, அதுவேதான் என் முகத்தைப் பூரியாக ஊத வைத்தது. எலும்பைத் தேய்க்கும், கண்ணில் புரை வரவைக்கும், சர்க்கரையை ஏற்றும். அம்மா வழியில் எல்லாருக்கும் இனிப்பு நீர் இருக்கிறது, பெரிய மாமாவுக்கு அதனால் காலே போனது. 2023இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராம் அல்லது அதற்கும் கீழே என்று இலக்கு வைத்திருக்கிறது. எந்த வழி என்னை 5க்குக் கொண்டுபோகும் என்பதுதான் என் கேள்வி.

பெலிமுமாபிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வீட்டில் எல்லாருக்கும் அதுதான் கண்ணில் நின்றது. லூபஸுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயினை அமெரிக்காவில் அனுமதித்தது 1955இல். அதற்குப் பிறகு லூபஸுக்கென்று ஒரு புது மருந்து அனுமதி வாங்கியது 2011இல்தான், அதுதான் பெலிமுமாப். இடையில் 56 ஆண்டு! எங்கள் தாத்தா தோட்டத்தில் பால் மரம் சீவிய காலத்து மாத்திரையைத்தான் நான் இன்றும் தினமும் விழுங்குகிறேன். (குறை சொல்லவில்லை. அந்த மாத்திரைதான் நோய் திரும்பக் கிளம்பாமல் பிடித்து வைப்பது. எடைக்கு ஏற்ற அளவு தாண்டாமல், கண் பரிசோதனையைத் தவறவிடாமல் இருந்தால் ஆண்டுக்கணக்கில் போடலாம். என் 52 கிலோவுக்கு வாரத்தில் ஐந்து நாள் ஒன்று, இரண்டு நாள் இரண்டு.)

பெலிமுமாப் செய்வது என்னவென்றால், நம் உடம்பையே எதிரியாக நினைத்துத் தாக்கும் எதிர்ப்பொருள்களைத் தயாரிக்கும் பி அணுக்களுக்கு உயிர் கொடுக்கும் ஒரு புரதத்தைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. கிலோவுக்கு 10 மில்லிகிராம் கணக்கில் நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். முதல் மூன்று தடவை இரண்டு வார இடைவெளி, பிறகு நான்கு வாரத்துக்கு ஒரு முறை. எனக்கு 520 மில்லிகிராம். 400 குப்பி ஒன்று, 120 குப்பி ஒன்று, சொட்டு மிச்சமில்லாமல் பொருந்துகிறது. வாழ்க்கையில் என் எடை எதற்கோ சரியாக அமைந்தது அன்றுதான்.

ஆனால் காசு. மாதா மாதம் நான்கு இலக்கம், முதல் ஆண்டில் 14 தடவை. அதற்கு மேல் ஸ்பெஷலிஸ்ட் கட்டணம், ரத்தச் சோதனை, ஏற்றும் அறைக்கு வாடகை. கம்பெனி கொடுத்த மருத்துவ அட்டை இருக்கிறதே என்று அண்ணன் சொன்னார். அட்டையைப் புரட்டிப் பார்த்தால், படுத்தால் பணம், நடந்து வந்தால் இல்லை. வெளிநோயாளியாக வருபவர்களில் புற்றுநோய்க்கும் டயாலிசிஸுக்கும் தருகிறார்கள், லூபஸ் சொட்டு மருந்துக்குத் தெளிவாக எதுவும் எழுதவில்லை. இப்போது புதுக் காப்புறுதி எடுக்கலாம் என்றால், ஏற்கெனவே இருக்கும் நோயைத் தள்ளிவிட்டுத்தான் மற்றதை எழுதுவார்கள். அரசு மருத்துவமனையிலேயே இந்த மருந்துக்கு விண்ணப்பம் போட முடியாதா என்று கேட்டேன். போடலாம், காத்திருக்க வேண்டும், என்னைவிட மோசமானவர்கள் வரிசையில் இருக்கிறார்கள் என்றார் டாக்டர். நியாயம்தான்.

காசைக்கூட விடுங்கள். மருந்து எவ்வளவு உதவும் என்பதை நான் படித்தது ராத்திரி பதினொரு மணிக்கு, கட்டிலில் படுத்துக்கொண்டு. படித்துவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். லூபஸ் சிறுநீரக பாதிப்பு உள்ள 448 பேரை வைத்து நடந்து 2020இல் வெளியான பெரிய சோதனை அது. எல்லாருக்கும் வழக்கமான மருந்து உண்டு. பாதிப் பேருக்குக் கூடவே பெலிமுமாப், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் சொட்டு. இரண்டு ஆண்டு முடிவில் பெலிமுமாப் கூட்டத்தில் 100க்கு 43 பேருக்குச் சிறுநீரகம் நன்றாகத் தேறியிருந்தது. வெறும் சொட்டுக் கூட்டத்தில் 32 பேருக்கு. வித்தியாசம் 11. அந்தப் பதினொரு பேரில் ஒருத்தியாக இருந்தால் அது பொக்கிஷம்தான், மறுக்கவில்லை. ஆனால் மற்ற 32 பேர் பக்கம் என் கண் போனது. புது மருந்து இல்லாமலே அவர்கள் எப்படித் தேறினார்கள்? முதன்முதலில் இந்த மருந்துக்கு அனுமதி வாங்கித் தந்த சோதனைகளில் ஒன்றிலும் இதே கதை: 58க்கு எதிராக 44. பழைய மருந்துகளோடு மட்டும் இருந்த 44 பேர்.

அந்த 44 மனதில் ஒட்டிக்கொண்டது. பிறகு அதற்கு வருகிறேன்.

இதற்கிடையில் கிள்ளான் சின்னம்மா ஒரு டப்பாவோடு வந்தார். பச்சைத் தூள், தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும், மாதம் 180 ரிங்கிட், மூன்று பேரைச் சேர்த்துவிட்டால் நமக்கு இலவசம். "எதிர்ப்புச் சக்தி நல்லா கூடும் மா" என்றார். சின்னம்மா, கூடினதுதான் என் வியாதியே என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை, எனக்கும் விளக்கப் பொறுமையில்லை. டப்பாவில் எழுதியிருந்த பொருள்களில் அல்ஃபால்ஃபாவும் இருந்தது. லூபஸ் உள்ளவர்கள் தொடக்கூடாத ஒன்று இருந்தால் அது முளைவிட்ட அல்ஃபால்ஃபா, அதிலுள்ள ஓர் அமினோ அமிலம் நோயைக் கிளப்பிவிடும். டப்பா இன்னும் அடுப்படி அலமாரியில் இருக்கிறது, சின்னம்மா வந்தால் பார்ப்பதற்கு.

வாட்ஸ்அப்பில் அண்ணி அனுப்பிய வீடியோவையும் சொல்லிவிடுகிறேன். "லூபஸ் குணமாகிவிட்டது, ஜெர்மனியில் கண்டுபிடிப்பு". பொய்யில்லை. எர்லாங்கன் நகரத்தில் 2021இல் ஒரு 20 வயதுப் பெண்ணின் சொந்த டி அணுக்களை (எதிர்ப்புச் சக்தியின் இன்னொரு வகை வெள்ளை அணு) எடுத்து, பி அணுக்களை அழிக்கும்படி மாற்றி, திரும்ப உடம்பில் ஏற்றினார்கள். 2024இல் அதே குழு 15 பேரின் முடிவை வெளியிட்டது. அதில் லூபஸ் உள்ளவர்கள் எட்டுப் பேர், எட்டுப் பேருக்கும் நோய் அடங்கியது, மருந்துகளையும் நிறுத்திவிட்டார்கள். படிக்கும்போது கண் கலங்கியது. ஆனால் எட்டுப் பேர். முதலில் கீமோ மாதிரி மருந்து கொடுத்து உடம்பைத் தயார் செய்ய வேண்டும். அடுத்த மாதம் நான் முடிவு சொல்ல வேண்டிய மூன்று வழியில் இது நான்காவது இல்லை. சந்தோஷமாகப் படித்துவிட்டு வைத்துவிட்டேன்.

சோதனையில் சேரும் வழிக்குப் போவோம். கோலாலம்பூர் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இது ஒரு வசதி, லெம்பா பந்தாயில் ஒன்று, செராஸில் ஒன்று என்று பெரிய பல்கலைக்கழக மருத்துவமனைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. சில அரசு மருத்துவமனைகளிலும் சோதனைகள் நடக்கின்றன. "எலி மாதிரி உன்னை வெச்சுப் பார்ப்பாங்க" என்றார் அம்மா. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. போய்ப் பார்த்தபோது எலியைவிட நிறையக் கையெழுத்து போட வேண்டியிருக்கும் என்று தெரிந்தது. ஒப்புதல் படிவம் இருபது பக்கத்துக்கு மேல். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், விலகினால் வழக்கமான சிகிச்சைக்கு எந்தப் பாதிப்பும் வராது, புகார் இருந்தால் கூப்பிட வேண்டிய நெறிமுறைக் குழுவின் எண், எல்லாம் அதில் உண்டு. மருந்து, பரிசோதனை இலவசம், போக்குவரத்துக்கும் தருவார்கள்.

வெறும் சொட்டு விழுந்துவிட்டால்? ஆய்வுத் தாதி இதற்குத் தெளிவாகப் பதில் சொன்னார். யாருக்கும் வெறும் சொட்டு மட்டும் இல்லை, நான் இப்போது எடுக்கும் மருந்துகள் தொடரும், அதன் மேல்தான் புது மருந்தோ வெறும் சொட்டோ. எனக்கு எது என்று அவருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. நோய் மோசமானால் வெளியே எடுத்துவிடுவார்கள். கூடவே இன்னொன்றும் சொன்னார், பேச்சோடு பேச்சாக: "ஒவ்வொரு தடவை வரும்போதும் மிச்ச மாத்திரையைக் கொண்டு வரணும். நான் எண்ணுவேன்."

இந்த வழியில் என்னை நிறுத்தியது பயம் இல்லை, காலண்டர். சோதனை 52 வாரம். அந்தக் காலம் முழுவதும், அதற்குப் பிறகும் சில மாதம், கர்ப்பம் தரிக்கக்கூடாது. புது மருந்து கருவுக்கு என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாததால் வைத்த நிபந்தனை, சரியான நிபந்தனை. எனக்குத் திருமணமாகி இரண்டு ஆண்டு. மாத்திரை வழியிலும் உடனே குழந்தை கிடையாது. நோய் குறைந்தது ஆறு மாதம் அடங்கியிருக்க வேண்டும், மைகோஃபீனலேட் கருவைக் கெடுக்கும் என்பதால் அதைக் குறைந்தது ஆறு வாரம் முன்பே நிறுத்திவிட்டு அசதயோபிரினுக்கு மாற வேண்டும், மாறிய பிறகும் நோய் அமைதியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டையும் தாளில் எழுதிப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக நடந்தால் மாத்திரை வழியில் 33 வயதில் முயற்சி செய்யலாம். சோதனை வழியில் 34, 35. அத்தையிடம் இந்தத் தாளைக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "உடம்பு முதல்ல" என்றார். அவர் வாயிலிருந்து அது வருமென்று நான் நினைக்கவில்லை.

இதே தாள் வேறு ஒருத்திக்கு வேறு மாதிரி வரும். மலேசிய எஸ்.எல்.இ. (லூபஸின் மருத்துவப் பெயர்) சங்கத்துக் கூட்டம் ஒன்றில் பழக்கமான பட்டர்வொர்த் தோழிக்கு 44 வயது, இரண்டு பிள்ளைகளும் இடைநிலைப் பள்ளியில். மைகோஃபீனலேட், சைக்ளோபாஸ்பமைடு, டாக்ரோலிமஸ் எல்லாம் பார்த்தாகிவிட்டது. அவர் பினாங்கில் ஒரு சோதனையில் சேர்ந்துவிட்டார். நான் அவர் இடத்தில் இருந்தால் யோசித்திருக்கக்கூட மாட்டேன். பழைய மருந்தை எல்லாம் முழுசாகப் பார்த்து முடித்தவருக்கு, சம்பளத்தில் பாதியைக் கொடுக்காமல் புது மருந்தின் வாசலுக்குப் போக இருக்கும் ஒரே வழி அது.

பழைய மருந்தை முழுசாகப் பார்த்து முடித்தவருக்கு. அந்த இடத்தில்தான் எனக்கு உறுத்தியது.

எங்கள் வீட்டில் ஒரு நீல டின் இருக்கிறது, தீபாவளிக்கு வாங்கும் பட்டர் பிஸ்கட் டின். பழையது ஆனதும் ஊசி நூல் வைப்போமே, அதுதான். என் டின்னில் ஊசி நூல் இல்லை, மாத்திரை அட்டைகள். ஒரு சனிக்கிழமை மதியம் அதைக் கட்டிலில் கொட்டினேன். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினார். மைகோஃபீனலேட் 136.

எப்படிச் சேர்ந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். காலையில் செந்தூலில் எல்.ஆர்.டி. ஏறி, மஸ்ஜித் ஜாமெக்கில் மாறி, கெரிஞ்சியில் இறங்க வேண்டும். மாத்திரை போட்ட நாற்பதாவது நிமிடத்தில் வயிறு கலக்கும். இரண்டு நிலையத்துக்கு நடுவில், நெரிசலில், ஏ.சி. குளிரில் நின்றுகொண்டு வியர்த்த அந்த அனுபவம் இரண்டு முறை நடந்தால் போதும். மூன்றாவது முறை மாத்திரையை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொள்வீர்கள், ஆபிசில் போடலாம் என்று. ஆபிசில் மறந்துவிடும். மறக்கவில்லை, மீட்டிங் இருக்கும். இரவு கைப்பையிலிருந்து டின்னுக்குப் போகும். டாக்டர் "மருந்து ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்கும்போது "போடுறேன் டாக்டர்" என்று நானும் சொல்வேன். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே வராது.

ஆறு மாதத்துக்கு 720 மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதில் 136 டின்னில். அட்டையில் ஒரு நாளைக்கு 2 கிராம், வயிற்றுக்குள் போனதோ சராசரி 1.6. பெலிமுமாபுக்கு அண்ணனிடம் கடன் கேட்கலாமா, ஓராண்டு குழந்தையைத் தள்ளிப்போடலாமா என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்த நான், முதல் வழியில் இன்னும் முழுசாகக் காலே வைக்கவில்லை. சோதனைகளில் வெறும் சொட்டு வாங்கிய அந்த 44 பேர், 32 பேர் எப்படித் தேறினார்கள் என்பதற்குப் பல காரணம் இருக்கலாம். என் சந்தேகம், மிச்ச மாத்திரையை ஒரு தாதி எண்ணியதும் அதில் ஒன்று.

முதல் வழிக்கு இருக்கும் குறைகளை மறைக்க மாட்டேன். ஐந்து ரிங்கிட் கொடுத்து ஸ்பெஷலிஸ்ட்டையும் பார்த்து மருந்தையும் வாங்கிக்கொண்டு வருகிறோம், உலகத்தில் எத்தனை நாட்டில் இது முடியும்? ஆனால் காலை ஏழு மணிக்கு நம்பர் எடுத்தால் டாக்டரைப் பார்க்கப் பதினொன்று, ஃபார்மசியில் இன்னொரு நம்பர், வீடு திரும்ப இரண்டு. ஒவ்வொரு தடவையும் ஒரு டாக்டர். நான்கு மாதத்துக்கு முன் பார்த்தவர் வேறு ஊருக்கு மாறியிருப்பார், புதியவருக்குக் கதையை மறுபடி முதலிலிருந்து. பத்து நிமிடத்தில் வயிற்றுப்போக்கு பற்றியெல்லாம் பேச வாய் வராது. தனியாரில் அதே நிபுணர் முக்கால் மணி நேரம் கேட்பார் என்பது உண்மை, நான் ஒரு தடவை போய்ப் பார்த்தேன், நூற்றைம்பது ரிங்கிட்டுக்கு அந்தக் கவனம் கிடைத்தது. எந்த மருத்துவமனை என்பதையும் யோசியுங்கள். மூட்டுவாதப் பிரிவுக்குப் பெயர்போன அரசு மருத்துவமனைகள் செலாயாங்கும் புத்ராஜெயாவும். ஹாஸ்பிட்டல் கோலாலம்பூருக்கு 2023 மார்ச்சிலிருந்து எம்.ஆர்.டி. நிலையமே இருக்கிறது, வெயிலில் நடக்க வேண்டாம். செலாயாங்குக்கு ரயில் இல்லை, பத்துமலைப் பக்கம் என்பதால் தைப்பூச வாரத்தில் தேதி கொடுத்தால் மாற்றிக் கேட்டுவிடுங்கள்.

அடுத்த தடவை டின்னையே கையோடு கொண்டுபோனேன். அன்றைக்கு இருந்த டாக்டர் சின்னப் பெண், என்னைவிட வயது குறைவாக இருக்கும். டின்னைத் திறந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "இது தெரியாம நான் மருந்தைக் கூட்டியிருப்பேன்" என்றார். பிறகு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: இரண்டிரண்டாக வேண்டாம், ஒவ்வொன்றாக நான்கு வேளை, சாப்பாட்டோடு. காலை மாத்திரை வீட்டில் இல்லை, ஆபிசில் இறங்கிப் பசியாறும்போது. அவ்வளவுதான். புது மருந்து எதுவும் இல்லை. மூன்று மாதம் இப்படிப் போகட்டும், அப்புறமும் இறங்காவிட்டால் டாக்ரோலிமஸ், அதுவும் சரிவராவிட்டால் சோதனைக்குக் கடிதம் எழுதித் தருகிறேன் என்றார்.

கெரிஞ்சி நிலையத்துக்குக் கீழே ஒரு மாமாக் கடை இருக்கிறது. இப்போது தினமும் எட்டே காலுக்கு அங்கே ஒரு தோசை, ஒரு மாத்திரை. கடைக்காரத் தம்பி தண்ணீரைக் கேட்காமலே கொண்டு வைக்கிறான். ஞாயிறு இரவு கணவர் டின்னைக் கொட்டி எண்ணுகிறார், ஆய்வுத் தாதி மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு. மூன்று மாதத்தில் டின்னில் சேர்ந்தது ஒன்பது. புரதம் 1.9இலிருந்து 1.1. பிரெட்னிசோலோன் 7.5க்கு இறங்கி ஐந்து வாரம் ஆகிறது, பிரஷ் கையில் நிற்கிறது. பட்டர்வொர்த் தோழிக்குப் பத்தாவது வாரம். எந்தச் சொட்டு என்று அவருக்கு இன்னும் தெரியாது. "என் மாத்திரையையும் எண்றாங்க" என்று சிரிக்கிறார்.